சொன்ன வலியின் வயது

பிரகாசிக்கு வலி வந்ததை மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நான்கு ஒலிபெருக்கிகள் வழியாகக் கேட்டார்கள்.

“முந்தாநாள் மத்தியானம், டாக்டரம்மா. ஒரு வளைகாப்பு. பந்தி தொடங்கப் போவுது. மைக்க எடுத்து, ‘ஹலோ, மைக் டெஸ்ட், ஒண்ணு, ரெண்டு’ன்னேன். மூணு வரல. ‘எம்மா’ன்னுதான் வந்துது. வளையல் போட்டுக்கிட்டு இருந்த பிள்ளைக்கித்தான் வலி கண்டுட்டுன்னு சமையக்காரரு கரண்டியோட ஓடி வந்துட்டாரு.”

டாக்டர் தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. சேந்தங்குளம் அரசு மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் சிரிக்கும்படி எதுவும் நடந்து நாளாகியிருந்தது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த பிரகாசிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பிரகாசி சவுண்ட் சர்வீஸ் என்ற பெயர் இந்த ஊரின் பாதிப் பந்தல்களில் தொங்கும். தனி ஆள். அப்பா விட்டுப்போன ஒலிபெருக்கிக் கடையை ஒற்றையாய் நடத்துகிறவள்.

“மல்லாந்து படுங்க. மூச்சை நல்லா இழுங்க.”

வலது விலாவுக்குக் கீழே தமயந்தி விரல்களை வைத்து அழுத்தினாள். பாதி மூச்சில் பிரகாசி நின்றுபோனாள். கண்ணோரத்தில் நீர் திரண்டது. விரலுக்கடியில் பித்தப்பை வீங்கி விறைத்திருக்கிறது என்பதற்கு அந்த அறுந்த மூச்சே சாட்சி. ஸ்கேனும் அதையே சொன்னது. பையின் கழுத்தில் ஒரு கல் சிக்கியிருந்தது. சுவர் தடித்திருந்தது.

“வலி வந்ததும் யாருகிட்டயாவது காட்டினீங்களா?”

“அன்னைக்கே தெருமுக்கு கிளினிக்குல காட்டினேன். வாயுன்னு சொல்லி ஊசி போட்டாரு. கேக்கல. நேத்தும் ஒரு ஊசி. இன்னைக்கு ஆட்டோ புடிச்சு இங்க வந்துட்டேன். இதுக்கு ஆப்பரேசந்தானா?”

“ஆமா. அதுவும் சீக்கிரம் செய்யணும்.” தமயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நோயாளி கேட்காவிட்டாலும் விளக்குகிறவள் அவள். கேட்டுவிட்டால் அந்த நாள் அவளுக்கு நல்ல நாள். “நீங்க சுவர்ல போஸ்டர் ஒட்டுவீங்கதானே?”

“விளம்பரம் இல்லாம தொழில் உண்டா?”

“ஒட்டின கையோட உரிச்சா?”

“முழுசா வரும். பசை ஈரமா இருக்கும்லா.”

“பத்து நாள் கழிச்சு?”

“பேப்பரும் கிழியும். சுண்ணாம்பும் சேந்து பேந்து வரும்.”

“அதேதான் உள்ளேயும். பித்தப்பை ஈரலுக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. கல்லு அடைச்சா வீங்கும். முதல் ரெண்டு மூணு நாள் அந்த வீக்கத்துல வெறும் தண்ணிதான். அந்த ஈரத்தோட ஈரமா பையை அலுங்காம உரிச்சு எடுத்துரலாம். விட்டுட்டா பக்கத்துல இருக்கற குடலு, கொழுப்பு எல்லாம் வந்து அது மேல ஒட்டிக்கும். அப்ப கை வெச்சா ரத்தம். எந்தக் குழாய் எதுன்னு தெரியாது. தப்பான குழாயை வெட்டிட்டா ஆயுசுக்கும் அவஸ்தை.”

“அப்ப ஆறு வாரம் கழிச்சு வான்னு சில பேர அனுப்புதியளே, அது என்ன கணக்கு?”

“பசை காஞ்சு பழசாகுற வரைக்கும் பொறுக்கற கணக்கு. அதுக்குள்ள புண்ணு ஆறி, சூடு அடங்கிரும். ஆனா அதுவரைக்கும் அந்தக் கல்லும் பொறுத்துக்கணும். அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு அது பொறுக்கறதில்ல. பை அழுகி, வெடிச்சு, நடுவுலயே தூக்கிட்டு வருவாங்க.”

பிரகாசி கொஞ்ச நேரம் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள். “என்னையத் தூக்கிட்டு வர ஆள் கிடையாது. இப்பமே செஞ்சிருங்க.”

தமயந்தி நர்ஸ் பொன்மணியைப் பார்த்தாள். பொன்மணி சக்கரத் தாங்கியில் இருந்த கணினித் திரையைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்தாள்.

அதற்கு அரசு வைத்த பெயர் நீளமானது. எல்லாரும் முறைப்பெட்டி என்றார்கள். மூன்று ஊர் மருத்துவமனைகளுக்கும் சேர்த்து அறுவை அரங்குகள் கொஞ்சம், காத்திருக்கும் வயிறுகள் ஏராளம். யாருக்கு இன்று, யாருக்கு ஆறு வாரம் கழித்து என்று டாக்டர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தத் தீர்ப்பைச் சொல்ல வந்தது அது. அரங்குகள் குறைவு என்பதால் மூன்று நாளில் ஒரு கோடு போட்டது. வலிக்கு மூன்று நாள் வரை வயது என்றால் உடனே கட்டில். கோட்டைத் தாண்டினால் மருந்து, வீடு, ஆறு வாரம்.

ஆனால் வலிக்கு எத்தனை வயது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? அதுதான் இதில் சிக்கலான இடம். ஸ்கேனில் கல் தெரியும், வீக்கம் தெரியும். வீக்கத்தின் பிறந்தநாள் தெரியாது. இரத்தப் பரிசோதனையும் நோயின் உக்கிரத்தைச் சொல்லுமே ஒழிய வயதைச் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள நோயாளியின் வாய் ஒன்றே வழி.

அந்த வாய்ச்சொல்லை எடைபோடப் பெட்டியைப் பழக்கியவர்களில் முதல் ஆள் தமயந்தி. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண், “நேத்துதான் வலி” என்றாள். திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் ஒரு வாரமாய் ஒட்டி இறுகிக் கிடந்தது. உயிர் தப்பியபின் தமயந்தி அவளிடம் கோபப்படாமல் கேட்டாள். அந்தப் பெண் குழம்பிப்போய்ச் சொன்னாள்: “நேத்துதானம்மா அவுககிட்டச் சொன்னேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. வீட்டில் மைத்துனன் கல்யாணம். பந்தல் பிரிக்கும் வரை அது வெறும் சூடு, வாயு, ஓமத்தண்ணீர். புருஷனிடம் சொன்ன அன்றுதான் அது வலியாகப் பிறந்தது. சொன்ன வலிக்குத்தான் வயது. தமயந்தி அசந்துபோனாள். அதன்பின் ஒவ்வோர் அறுவைக்குப் பிறகும் உள்ளே கண்ட வயதைப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெட்டி பொறுமையாகக் கற்றது. சொன்ன நாளோடு கொஞ்சம் திருத்தம் சேர்த்துக்கொள்ளப் பழகியது. தாமதமாய் வந்து மேசையில் சாகிறவர்கள் குறைந்தார்கள். சென்னையில் ஒரு கூட்டத்தில் தமயந்தி இதைப் பேசியபோது கைதட்டினார்கள். அந்தப் பெருமை அவளுக்கு இன்னும் இருந்தது.

“வணக்கம். வலி எப்போது தொடங்கியது?” பெட்டி கேட்டது.

“முந்தாநாள் மத்தியானம். சந்தேகம்னா மண்டபத்துல கேட்டுக்கோ” என்றாள் பிரகாசி.

“நன்றி. உங்கள் சொல் பதிவானது.”

திரையில் எழுத்து வந்தது. கூறிய வயது இரண்டு நாள். திருத்திய வயது நான்கு நாள். மருந்து, ஆறு வாரத்துக்குப் பின் அறுவை.

தமயந்தி இருமுறை படித்தாள். “திருத்தம் ரெண்டு நாளா? நான் கத்துக்குடுத்தப்ப ஒரு நாள்தானே இருந்துச்சு. எப்ப ஏறிச்சு?”

பொன்மணி மருந்துத் தட்டை அடுக்குவதில் மும்முரமானாள்.

“என்ன சொல்லுது?” பிரகாசி கேட்டாள்.

தமயந்தி சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள். உங்கள் வயதுப் பெண்கள் நாளைக் குறைத்துச் சொல்வார்கள் என்று பெட்டி கற்றிருக்கிறது, அதனால் கூட்டிப் போட்டுக்கொள்கிறது என்றாள்.

பிரகாசிக்கு வலியிலும் சிரிப்பு வந்தது. “மறைக்கறவளுக்கு வீட்டுல ஆள் இருக்கணும்லா. மாமியா இருக்கணும், விசேசம் இருக்கணும். ஒவ்வொரு பந்தல்லயும் பாக்கேன், வயித்தப் புடிச்சிக்கிட்டு ஆரத்தி எடுக்குத பொம்பளைகள. நான் யாருக்கு மறைக்க? எனக்கு வலின்னா என் மைக்குக்கே தெரிஞ்சு போச்சு.”

தனியாக வாழும் பெண்கள் பெட்டியிடம் வந்தது சொற்பம். அவர்களுக்கென்று தனிக் கணக்கு அதனிடம் கிடையாது. தமயந்திக்கு அது சட்டென்று விளங்கியது. மேல்முறையீடு செய்யலாம். பதில் தலைநகரிலிருந்து இரண்டு நாளில் வரும். அதற்குள் பசை இறுகிவிடும்.

அவள் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். “பிரகாசி, பதிவுல பிழைன்னு இதை அழிச்சிட்டு மறுபடி கேக்க வைக்கறேன். இந்தத் தடவை ‘இன்னைக்குக் காலையில’ன்னு சொல்லுங்க.”

“பொய்யா?”

“அது ரெண்டு நாள் கூட்டும். கூட்டினா உண்மையான கணக்கு வந்துரும்.”

பிரகாசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உண்மையச் சொன்னா வீட்டுக்குப் போன்னுது. பொய்யச் சொன்னா கட்டில் குடுக்குது. நல்லா வளத்து வச்சிருக்கிய, டாக்டரம்மா, அந்தப் பெட்டிய.”

தமயந்தி திரையைத் திருப்பி, பழைய பதிவை அழித்தாள்.

பெட்டி மறுபடி கேட்டபோது பிரகாசி தொண்டையைச் செருமிக்கொண்டாள். பந்தியை அறிவிக்கும் அதே கணீர்க் குரலில், “இன்னைக்குக் காலையில” என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று பிற்பகலே அரங்கு கிடைத்தது.

உள்ளே பார்த்தபோது தமயந்திக்கு மனம் குளிர்ந்தது. பையைச் சுற்றி நீர் கோத்த வீக்கம், பளபளவென்று ஈரம். கருவியின் நுனியால் லேசாகத் தள்ளியதும் அடுக்குகள் தாமாகப் பிரிந்தன. பித்தக்குழாய் தனியே, இரத்தக்குழாய் தனியே, பாடப்புத்தகப் படம்போலத் தெரிந்தன. இரண்டு நாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முழுப் போஸ்டரும் கிழியாமல் சுவரைவிட்டு வந்தது. ஒலிபெருக்கியில் கத்தியவள் ஒரு மணிநேரம்கூடக் கூட்டிக் குறைக்கவில்லை.

கையுறையைக் கழற்றியபோது அரங்கின் மூலையில் இருந்த திரை வழக்கமான கேள்வியோடு விழித்தது.

“நோயாளி கூறியது: இன்று காலை. உள்ளே கண்ட வயது?”

ஆயிரம் தடவை பதில் சொன்ன கேள்வி. இப்போது தமயந்தியின் விரல் அந்தரத்தில் நின்றது.

“ரெண்டு நாள்னு போட்டுருங்கம்மா” என்றாள் பொன்மணி. “அதுதானே உண்மை?”

“போட்டா என்னாகும் தெரியுமா? காலையிலன்னு சொன்னா, உள்ள ரெண்டு நாள் இருந்துச்சு, தான் கூட்டினது அப்படியே சரின்னு பெட்டி எடுத்துக்கும். இந்தத் திருத்தம் இன்னும் இறுகும். அடுத்து உண்மை சொல்றவளையும் வீட்டுக்கு அனுப்பும்.”

“அப்ப காலையிலன்னே போட்டுருங்க.”

“போட்டா ரெண்டு நாள் வீக்கத்தைக் காலையில வந்த வீக்கம்னு கத்துக்கும். அதோட கண்ணையே நான் கெடுத்த மாதிரி. நாளைக்கு இன்னொரு டாக்டர் அதை நம்பி ஒட்டிக் கிடக்கறதுல கத்தியை வைப்பார்.” தமயந்தி தன் விளக்கத்தைத் தானே கேட்டு நின்றாள். எந்தப் பக்கம் போனாலும் பொய் முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. “அதுல ரெண்டு நாள் எப்படி ஏறிச்சுன்னுதான் எனக்குப் புரியல, பொன்மணி.”

பொன்மணி முகமூடியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“நாங்கதாம்மா” என்றாள் கடைசியில். “வாசல்ல வாரவுகளுக்கு நாங்கதான் சொல்லிக் குடுக்கோம். எத்தன நாள் வலின்னு கேட்டா காலையிலதான்னு சொல்லுங்கன்னு. அழுதுகிட்டு வாராவ, கையப் புடிக்காவ. எப்படியம்மா திருப்பி அனுப்ப? பக்கத்து வார்டு சிவசைலம் டாக்டரும் அப்படித்தான் செய்யச் சொல்லுவாரு. எல்லா வார்டுலயும் நடக்கு. ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியாது. நீங்க பெட்டிக்கு டீச்சர்லா, ஒங்ககிட்ட யாரு சொல்லுவா?”

தமயந்தி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பெண்கள் மறைத்த நாளைத்தான் பெட்டி எண்ணுகிறது என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். அது எண்ணியதில் பாதி, இரக்கப்பட்டவர்கள் சொல்லிக்கொடுத்த நாள். ஒருத்திக்குக் கட்டில் வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு பொய்யும் திருத்தத்தைக் கொஞ்சம் கூட்டியது. கூடிய திருத்தத்தைத் தாண்ட அடுத்தவளுக்கு இன்னும் கொஞ்சம் பொய் தேவைப்பட்டது. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் சேர்ந்து, சொல்லிக்கொடுக்க ஆளில்லாத ஒருத்தியைத் தெருவில் நிறுத்தியிருந்தார்கள்.

திரையின் அடியில், யாரும் தொடாத ஒரு கட்டம் இருந்தது. ‘வேறு குறிப்பு’. தமயந்தி அதைத் தொட்டுச் சொன்னாள்:

“நோயாளி முதலில் உண்மையைத்தான் சொன்னார். முந்தாநாள் மத்தியானம். இன்று காலை என்று சொல்லவைத்தது நான். உள்ளே கண்ட வயது இரண்டு நாள். என் நோயாளிகளில் வேறு பலருக்கும் இப்படிச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கலாம்.”

“என் பேரு…” என்றாள் பொன்மணி.

“யார் பேரும் சொல்லல.”

பெட்டி வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. “நன்றி. உங்கள் சொல் பதிவானது.”

மூன்றாம் நாள் பிரகாசி நடந்தே வீட்டுக்குப் போனாள். போகும்போது, “ஒங்க வீட்டு விசேசத்துக்கு மைக் செட்டு நம்மளுது” என்றாள். “பொய் சொன்ன வாயி, கொஞ்ச நாள் நல்லதா நாலு அறிவிப்புச் சொல்லிக் கழுவணும்.”

அடுத்த மாதம் பெட்டியின் புதிய கணக்கு வந்தது. தமயந்தி வழியாக வந்த பாடங்களை எல்லாம் ஐயத்துக்குரியவை என்று அது ஒதுக்கிவைத்திருந்தது. மூன்று ஊரிலும் பாதிப் பாடம் அவளுடையது என்பதால் திருத்தம் இரண்டு நாளிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. பிரகாசி இப்போது வந்திருந்தால், உண்மையை மட்டும் சொல்லியே கட்டில் வாங்கியிருப்பாள். தமயந்தி அதைப் படித்தபோது கண் கலங்கினாள். கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

‘டாக்டர் தமயந்தியின் நோயாளிகளுக்குக் கூடுதல் திருத்தம்: இரண்டு நாள்.’

இதில் கோபம் இல்லை, தண்டனையும் இல்லை. யார் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று அது கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்தவளே தன் சொல்லைப் பற்றி அதனிடம் சொல்லியிருந்தாள்.

அந்த வாரமே முத்துலெட்சுமி வந்தாள். பக்கத்தில் கணவன், மாமியார், நாத்தனார். வலி எப்போது என்று கேட்டதும் அவள் கண் மாமியார் பக்கம் போனது. தமயந்தி எல்லாரையும் வெளியே அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தாள்.

“வீட்டுல எப்ப சொன்னீங்கன்னு நான் கேக்கல. யாருக்கும் சொல்றதுக்கு முன்னால, உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச வலி எப்ப வந்துச்சு?”

முத்துலெட்சுமி சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “முந்தாநாள் விடியக்காலம். மாவாட்டும்போது. இவுககிட்ட இன்னைக்குத்தான் சொன்னேன்.”

இரண்டு நாள். எல்லாருக்கும் சேர்க்கும் திருத்தத்தோடு மூன்று, கோட்டுக்குள். தமயந்தியின் பெயரில் பதிந்தால் ஐந்து. உண்மை, அவள் கைக்கு வந்தவுடன் பழசாகிவிடும்.

தொலைபேசியில் டாக்டர் சிவசைலம் உற்சாகமாகப் பேசினார். “அனுப்புங்க மேடம், நான் பாத்துக்கிடுதேன். அரங்கு காலியாத்தான் இருக்கு.”

“ரெண்டு நாள் சார். உண்மையான ரெண்டு நாள். இப்ப அது போதும், சார். கூட எதுவும் வேண்டாம்.”

“சரி, சரி” என்றார் அவர்.

பொன்மணி சக்கர நாற்காலியைத் தள்ள, தமயந்தியும் கூடவே நடந்தாள். “நீங்க செய்ய மாட்டியளா?” முத்துலெட்சுமி கேட்டாள்.

“அவருக்கு நல்ல கை. பெட்டி கேட்டா, என்கிட்டச் சொன்னதையே சொல்லுங்க. முந்தாநாள் விடியக்காலம். யார் என்ன சொன்னாலும் அதையே சொல்லுங்க.”

“சரி டாக்டர்.”

நாற்காலி சிவசைலத்தின் வார்டுக்குள் போனது. கதவு தானாக மூடத் தொடங்கியது. இடுக்கு வழியாகச் சிவசைலத்தின் கனிவான குரல் கேட்டது.

“பயப்படாதிய தாயி. இப்பம் பெட்டி ஒரு கேள்வி கேக்கும். நான் சொல்லுத மாதிரியே சொல்லணும், என்ன?”